கட்டிலுக்கு அடியில் ஒன்பது நாள்: பூனை வளர்ப்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தத்து எடுத்த பூனைகளைப் பற்றியவை, அதிலும் அப்பார்ட்மென்டில் கதவுக்கு உள்ளேயே வளரும் பூனைகளைப் பற்றியவை. "இது ஏன் இப்படிச் செய்கிறது, ஏதாவது கோளாறா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. பல வருடமாகத் தெருவிலிருந்தும் காப்பகத்திலிருந்தும் வரும் பூனைகளைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் கண்டதையும் தேடிப் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன். நேரம் இல்லாதவர்கள் பூனை சிறுநீர், மலம் கழிக்கும் மணல் பெட்டி பற்றிய பதிலையாவது விடாமல் படித்துவிடுங்கள், அது உயிர் விஷயம்.

கேள்வி: அக்கா, காப்பகத்திலிருந்து மூன்று வயதுப் பெண் பூனையைத் தத்து எடுத்தோம். வந்த நிமிடம் கட்டிலுக்கு அடியில் போனவள்தான், இன்றோடு ஒன்பது நாள். நாங்கள் தூங்கிய பிறகு வந்து சாப்பிடுகிறாள், மணல் பெட்டிக்கும் போகிறாள், ஆனால் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறாள். காப்பகத்தில் என் மகள் மடியில் ஏறி உட்கார்ந்தவள் இவள்! எங்களைப் பிடிக்கவில்லையா? கட்டிலை நகர்த்தி வெளியே எடுத்துவிடலாமா?

பதில்: கட்டிலை நகர்த்தாதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பூனைக்கு வீடு என்பது முதலில் வாசனைதான். கன்னம், தாடை, பாதம், வாலின் அடி என்று உடம்பில் பல இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு, போகிற இடமெல்லாம் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைத்துத்தான் "இது நம்ம இடம்" என்று அது நிம்மதி அடைகிறது. உங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவளுக்குத் தெரிந்த வாசனை ஒன்றுகூட மிச்சமில்லை. காப்பகத்தில் மடியில் ஏறியவளும் இவள்தான், அங்கே அவளுக்கு இடம் பழகியிருந்தது, அதனால் மனிதர்களைப் பார்க்கத் தைரியம் இருந்தது. இங்கே இடமே பயமாக இருக்கும்போது மடியைப் பற்றி யோசிக்க முடியாது.

ஒளிந்துகொள்வதைப் பார்த்து நாம் பதறுகிறோம், ஆனால் அவள் தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியமே அதுதான். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள், 2014-இல் அந்த ஆய்வு வெளியானது. பெட்டி கிடைத்த பூனைகள்தான் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. அதனால் கட்டிலுக்கு அடியிலேயே ஓர் அட்டைப்பெட்டியை, இரண்டு பக்கமும் வழி வெட்டி வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் யாராவது வந்தால் மறுபக்கம் போகலாம் என்று தெரிந்த பூனைதான் தைரியமாக உட்காரும். முழு வீட்டையும் திறந்துவிடாமல் இப்போதைக்கு அந்த ஓர் அறை போதும். காப்பகத்திலிருந்து வந்த துணி ஏதாவது இருந்தால் துவைத்துவிடாதீர்கள், அவளிடம் இருக்கும் ஒரே பழைய சொத்து அது.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தினமும் அரை மணி நேரம் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டு, பாடப் புத்தகத்தை மெதுவாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குனிந்து பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். தற்செயலாகக் கண் பட்டால் மெதுவாக இமையை மூடித் திறக்கட்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள்: மெதுவாகக் கண் சிமிட்டும் மனிதரைப் பார்த்துப் பூனையும் திரும்பச் சிமிட்டுகிறது, முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சும்மா நிற்பவரைவிட இவரிடம் நெருங்கி வருகிறது. கண்கொட்டாமல் பார்ப்பது பூனைகளுக்குள் மிரட்டல், பாசத்தோடு பார்த்தாலும் அப்படித்தான்.

மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கைக்கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய, பழக்கம் புரிய, சொந்த வீடாக. எல்லாப் பூனைக்கும் இது பொருந்தாது, ஆனால் ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை என்பதற்கு உதவும். இன்னொரு நல்ல விஷயம்: இரண்டிலிருந்து ஏழு வாரம் வரையான குட்டிப் பருவத்தில் மனிதக் கை படாத பூனை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மனிதரைக் கண்டால் ஒதுங்கும். உங்களவள் மடியில் ஏறியவள், அந்த வயதில் யாரோ அவளைக் கொஞ்சியிருக்கிறார்கள். வந்துவிடுவாள்.

ஆனால் தட்டை மட்டும் தினமும் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் சில நாட்களிலேயே கொழுப்பு படிந்துவிடும், குண்டான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கேள்வி: விடியற்காலை நாலு மணி ஆனால் போதும், ஹாலிலிருந்து பெட்ரூம் வரை குதிரை மாதிரி ஓட்டம், அப்புறம் என் தலைமாட்டில் நின்று கத்தல். எழுந்து சாப்பாடு வைத்தால்தான் அடங்குகிறான். வேலைக்குப் போகிறவள் நான், மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. கீழ்வீட்டுக்காரர்களும் சத்தம் கேட்கிறது என்கிறார்கள்.

பதில்: கத்தினால் சாப்பாடு வரும் என்று மூன்று மாதம் நீங்களே பாடம் நடத்தியிருக்கிறீர்கள் அம்மா, அவனும் நன்றாகப் படித்துவிட்டான். குறை சொல்லவில்லை, தூக்கக் கலக்கத்தில் எல்லாரும் இதைத்தான் செய்வோம்.

பூனை இரவு விலங்கு என்பது பாதி சரி. அதன் உடம்பு உண்மையில் விடியலிலும் அந்தியிலும்தான் முறுக்கேறும், அதன் இரை நடமாடும் நேரம் அது. பகலில் நீங்கள் வெளியே போனதும் அவன் தூங்குகிறான், ஒரு நாளைக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம் தூங்குவது பூனைக்குச் சாதாரணம். சேர்த்து வைத்த சக்தியைச் செலவழிக்க வேறு இடம் இல்லாதபோது உங்கள் ஹால்தான் ஓடுகளம்.

பூனையின் உடம்பில் ஒரு வரிசை இருக்கிறது: வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம். இந்த வரிசையை உங்கள் படுக்கை நேரத்துக்கு நகர்த்துங்கள். படுப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் குச்சியில் இறகு கட்டிய பொம்மையை வைத்து விளையாட்டு. பொம்மையை அவன் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த எலியும் பூனையைப் பார்த்து ஓடி வராது. அவனிடமிருந்து விலகி ஓடட்டும், சோபாவுக்குப் பின்னால் பதுங்கட்டும், கொஞ்சம் அசையாமல் இருக்கட்டும், கடைசியில் அவன் பிடித்துவிட வேண்டும். லேசர் விளக்கு மட்டும் என்றால் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை, சில பூனைகள் அதில் இன்னும் படபடப்பாகிவிடும். பிடித்த கையோடு இரவுச் சாப்பாடு வையுங்கள். நக்கிக்கொண்டு போய்ப் படுப்பான்.

விடியற்காலைக்கு, நேரம் வைத்தால் தானே திறக்கும் சாப்பாட்டுப் பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள், அவன் போய் அந்தப் பெட்டியின் முன்னால் உட்காருவான், உங்கள் தலைமாட்டில் இல்லை. முடியாது என்றால் நாலு மணிக்கு எழாதீர்கள், பேசாதீர்கள், திட்டக்கூடச் செய்யாதீர்கள், திட்டும் ஒரு பதில்தான். முதல் சில நாள் கத்தல் இன்னும் கூடும், வழக்கமாக வேலை செய்த வழி திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் யாரும் இன்னும் ஓங்கித்தானே தட்டுவார்கள். அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை எழுந்துவிட்டால்கூட, இவ்வளவு நேரம் கத்தினால்தான் கிடைக்கும் என்று புதுப் பாடம் ஆகிவிடும். கீழ்வீட்டுக்காரர்களுக்காக, அவன் குதித்து இறங்கும் இடங்களில் தடிமனான விரிப்புப் போடுங்கள். இன்னும் கருத்தடை செய்யவில்லை என்றால் கத்தலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வயதான பூனை புதிதாக இப்படி ராத்திரியில் கத்த ஆரம்பித்தால் தைராய்டு, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அவளே வந்து மடியில் படுப்பாள், தடவினால் குர்குர் என்பாள், திடீரென்று கடித்துவிட்டு ஓடிவிடுவாள். முன்பு யாரோ அடித்து வளர்த்திருப்பார்களோ?

பதில்: இருக்கலாம், ஆனால் அன்பாக மட்டுமே வளர்ந்த பூனைகளும் இதைச் செய்யும். "திடீரென்று" என்பது நமக்குத்தான், அவள் முன்கூட்டியே நாலைந்து தடவை சொல்லியிருப்பாள். வாலின் நுனி சுண்டும், முதுகுத் தோல் அலை மாதிரி சிலிர்க்கும், காது பக்கவாட்டில் திரும்பும், குர்குர் சத்தம் நின்றுவிடும், தலை லேசாக உங்கள் கைப்பக்கம் திரும்பும். இதில் முதலாவதைப் பார்த்ததுமே கையை எடுத்துவிட்டால் கடி வராது.

கன்னம், தாடை, காதின் அடிப்பக்கம் இவை அநேகமாக எல்லாப் பூனைக்கும் பிடிக்கும். வயிற்றை மல்லாத்திக் காட்டுவது உங்களை நம்புகிறேன் என்பதற்கு, தொடச் சொல்லி இல்லை. மூன்று தடவை தடவிவிட்டு நிறுத்திப் பாருங்கள். அவள் தலையால் உங்கள் கையை முட்டினால் இன்னும் மூன்று. இப்படி முடிவை அவள் கையில் விட்ட பிறகு எத்தனையோ "கடிக்கும் பூனைகள்" மாறியதை நான் பார்த்திருக்கிறேன். குர்குர் என்றாலே சந்தோஷம் என்றும் நினைக்க வேண்டாம், வலியிலும் பயத்திலும்கூடப் பூனை குர்குர் என்னும். மருத்துவர் மேஜையில் நடுங்கிக்கொண்டே குர்குர் சொன்ன பூனையை என் கையில் பிடித்திருக்கிறேன்.

கேள்வி: நான்கு வயது ஆண் பூனை, கருத்தடை ஆனவன். இரண்டு வாரமாக என் மெத்தையில் சிறுநீர் போகிறான். நான் ஊருக்குப் போய் வந்த கோபத்தில் பழி வாங்குகிறான் என்கிறார் என் அண்ணன். மூக்கைத் தேய்த்துக் கண்டித்தும் பார்த்துவிட்டோம்.

பதில்: மூக்கைத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. அதில் அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான், உங்களுக்குப் பயப்பட.

முதலில் மருத்துவரிடம் சிறுநீரைச் சோதித்துவிடுங்கள். அவன் அடிக்கடி போய்க் குந்துகிறானா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, குந்தும்போது முனகுகிறானா, ரத்தம் தெரிகிறதா, அந்த இடத்தையே ஓயாமல் நக்குகிறானா என்று பாருங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது, சின்னக் கல்லோ சளி மாதிரித் திரண்ட கசடோ அதை அடைத்துவிடும். முக்கி முக்கியும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் நாளைக் காலை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அடைப்பு நீங்காவிட்டால் ஓரிரண்டு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் காத்திருந்து பூனையை இழந்தவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் ஆரம்பத்திலேயே இந்தப் பதிலைப் படிக்கச் சொன்னேன்.

பழி வாங்குதல் என்பது நாம் அதன்மேல் ஏற்றிச் சொல்வது. நீங்கள் ஊருக்குப் போனதில் அவனுக்கு மன அழுத்தம் வந்திருக்கலாம், அது உண்மைதான். பூனைக்கு மன அழுத்தத்தாலேயே சிறுநீர்ப்பை வீங்கி எரியும், கிருமி எதுவும் இருக்காது. எரிச்சலோடு மணல் பெட்டியில் போகும்போது வலிக்கிறது, அதனால் "இந்தப் பெட்டி வலிக்கிறது" என்று நினைத்து மெத்தான வேறு இடம் தேடுகிறான். உங்கள் வாசனை அதிகம் உள்ள மெத்தை அவனுக்கு ஆறுதலான இடம்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் பெட்டியைப் பாருங்கள். நாம் வாங்கும் பெட்டிகள் பெரும்பாலும் பூனைக்குச் சின்னவை. மூக்கிலிருந்து வாலின் அடி வரை அளந்து, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டினால் கடையில் விற்பதைவிட நன்றாக இருக்கும். மூடி வேண்டாம், நாற்றம் நமக்கு வராது, உள்ளே அவனுக்கு வரும். வாசனை போட்ட மணலும் வேண்டாம். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, இரண்டு பூனைக்கு மூன்று. அப்பார்ட்மென்டில் இடம் எங்கே என்று கேட்பீர்கள், தெரியும், ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவனுக்கு அது ஒன்றுதான், எதிரெதிர் மூலையில் வையுங்கள். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், குந்தியிருக்கும்போது அது ஒரு தடவை அதிர்ந்தால் போதும், பிறகு அந்தப் பக்கமே வர மாட்டான். சாப்பாட்டுத் தட்டுக்கு அருகிலும் கூடாது. தினமும் ஒரு முறையாவது அள்ளிவிட வேண்டும்.

மெத்தையை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அவன் மூக்குக்கு அது இன்னொரு பூனையின் சிறுநீர் மாதிரி இருக்கும். நொதி (என்சைம்) கலந்த சுத்திகரிப்பான் என்று கேட்டு வாங்குங்கள்.

சின்னச் சின்னக் கேள்விகள் மூன்று

*சாக்ஸை மோந்துவிட்டு வாயைத் திறந்தபடி அருவருப்பான முகத்தோடு நிற்கிறான், அவ்வளவு நாற்றமா?* அருவருப்பு இல்லை. மேல் அண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், பூனைக்கு வாசனை அறியும் இன்னொரு உறுப்பு இருக்கிறது. காற்றை அங்கே அனுப்பி ருசித்துப் பார்க்கிறான், உங்கள் சாக்ஸில் படிப்பதற்கு நிறைய இருக்கிறது போல.

*யாருமே இல்லாத சுவரை உற்றுப் பார்க்கிறாள், பயமாக இருக்கிறது.* நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். சுவருக்குள் ஓடும் குழாய், பூச்சி, பக்கத்து வீட்டு மின்சாதனம் எல்லாம் அவளுக்குச் சத்தம்தான். ஆனால் தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டே நின்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

*தண்ணீர்க் கிண்ணத்தை விட்டுவிட்டுக் குழாயில்தான் குடிக்கிறான்.* குடிக்கட்டும். சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, மீசை இடிக்காத அகலமான கிண்ணம் ஒன்றும் வைத்துப் பாருங்கள். பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு, எப்படிக் குடித்தாலும் லாபம்தான்.

கேள்வி: ஆறாவது மாடி. பால்கனிக் கைப்பிடியின் மேல் ஏறி உட்கார்ந்து புறாக்களைப் பார்க்கிறாள், பல்லை டக்டக்கென்று ஆட்டுகிறாள். பார்க்க அழகாக இருக்கிறது. பூனை விழுந்தாலும் காலில்தான் விழும் என்று வீட்டில் சொல்கிறார்கள், சரிதானா?

பதில்: காலில்தான் விழும். அந்தக் கால்தான் உடையும்.

விழும்போது உடம்பைத் திருப்பிக்கொள்ளும் திறமை குட்டிக்கு ஏழு வாரத்துக்குள்ளேயே முழுதாக வந்துவிடும். 1894-இலேயே எட்டியென் ஜூல் மாரே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடர் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். ஆனால் கால் கீழே திரும்பிவிட்டால் அடி படாது என்று ஆகிவிடாது. 1987-இல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து ஒரு மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு வெளியானது, சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன. இதை வைத்துத்தான் "பூனைக்கு ஒன்றும் ஆகாது" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்தவற்றை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வர மாட்டார்கள், அவை அந்தக் கணக்கிலேயே இல்லை. பிழைத்தவற்றுக்கும் நுரையீரலில் அடி, உடைந்த தாடை, பிளந்த அண்ணம், முறிந்த கால்.

என்னிடம் இருந்த சாம்பல் நிறப் பூனை ஒன்று மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தது. இரண்டு வருடமாக அதே ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தவன், பழகிவிட்டான் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு குருவி தாழப் பறந்தது, அவ்வளவுதான். பிழைத்தான், ஆனால் தாடையில் கம்பி வைத்து வாரக்கணக்கில் குழாயில் சாப்பிட்டான். வேட்டை ஞாபகம் வந்த பூனைக்கு உயரம் ஞாபகத்தில் இருக்காது. அந்த டக்டக் சத்தமே அவள் வேட்டையின் உச்சத்தில் இருக்கிறாள் என்பதற்கு அடையாளம்.

இந்த வாரமே வலை அடியுங்கள். கொசுவலை போதாது, பூனையின் கனத்துக்கும் நகத்துக்கும் கிழிந்துவிடும். புறா வராமல் இருக்கப் பால்கனிகளில் அடிப்பார்களே, அந்த வகையில் தடித்ததாக, ஓட்டை சின்னதாக, மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டியதாக வேண்டும். அதுவரை பால்கனிக் கதவு மூடியே இருக்கட்டும். சாய்த்துத் திறக்கும் ஜன்னல் இருந்தால் அதையும் கவனியுங்கள், இடுக்கில் மாட்டி நசுங்கும் பூனைகள் உண்டு. வலை வந்த பிறகு அங்கேயே உயரமாக ஒரு பலகை போட்டுக் கொடுங்கள், நாள் முழுக்கப் புறாவைப் பார்க்கட்டும். பால்கனியில் லில்லிச் செடி இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 71 வயது, மனைவி தவறிய பிறகு தனியாக இருக்கிறேன். ஐந்து மாதம் முன்பு மகன் எட்டு வயது ஆண் பூனை ஒன்றைத் தத்து எடுத்துக் கொடுத்தான். மடிக்கு வரவே மாட்டான். எந்த அறைக்குப் போனாலும் பின்னால் வந்து இரண்டு அடி தள்ளி, முதுகைக் காட்டி உட்காருகிறான். வெளியே போய் வந்தால் வாசலில் நிற்பான், என்னைப் பார்த்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்துவிடுவான். பாசம் என்று ஏதாவது உண்டா, அல்லது சாப்பாட்டுக்காக மட்டும்தானா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் அவன் பாஷையில் பாசம்தான்.

செங்குத்தாகத் தூக்கிய வால் பூனைகள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்லும் வணக்கம். நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா என்று அடுத்த தடவை பாருங்கள். முதுகைக் காட்டுவது உங்கள் பக்கத்திலிருந்து ஆபத்து வராது என்று முடிவு செய்துவிட்டதால்தான், பயப்படும் பூனை முதுகைக் காட்டாது. சாப்பாட்டுக்காக மட்டும் என்றால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதுமே, நீங்கள் போகும் அறைக்கெல்லாம் ஏன் வர வேண்டும்? எட்டு வயது என்கிறீர்கள், அவனுக்கும் முன்னால் ஒரு வீடு, ஒரு ஆள் இருந்து போயிருக்கும். அந்த இரண்டு அடி தூரம் அவன் இப்போதைக்குத் தாங்கக்கூடிய நெருக்கம்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019-இல், குழந்தைகளுக்கும் தாய்க்குமான பிணைப்பைச் சோதிக்கும் அதே முறையில் பூனைகளைச் சோதித்தார்கள். புது அறையில் தனியாக விட்டு, வளர்ப்பவர் திரும்பி வரும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவை அவரைக் கண்டதும் நிம்மதியாகித் தன் வேலையைப் பார்க்கப் போயின. ஒட்டிக்கொள்ளவில்லை, ஒளியவும் இல்லை. வாசலில் உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறானே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

மடிக்குக் கூப்பிட வேண்டாம். நீங்கள் உட்காரும் நாற்காலியை ஒட்டி அதே உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, நீங்கள் உடுத்திய துணி ஒன்றைத் துவைக்காமல் மடித்து வையுங்கள். அந்த வயதில் மூட்டுவலி சகஜம், தாவி ஏறக் கஷ்டப்படுகிறானா என்றும் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டுங்கள், வலியாலும் மடியைத் தவிர்ப்பார்கள். அப்புறம் அவனிடம் பேசுங்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள். பூனைகளுக்குத் தங்கள் பெயர் தெரியும், வளர்ப்பவரின் குரலும் தெரியும், இரண்டையும் ஜப்பானில் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். காது மட்டும் உங்கள் பக்கம் திரும்பும், முகம் திரும்பாது, அதுவே பதில்தான். வெளியே போகும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வந்ததும், முன்னால் நடக்கிற அந்த வாலைப் பார்த்து, வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.